கூரையைச் சுமக்கும் அலங்காரம்

சீனாவின் ஷான்சி மாகாணத்தில் இருக்கும் வூதாய் மலை பௌத்தர்களுக்குப் புனிதத் தலம். பெரிய கோயில்கள் நெருங்கி நிற்கும் பகுதியிலிருந்து விலகி, தோசுன் என்ற சிற்றூருக்கு அருகில், மலைச்சரிவில் தனியாக நிற்கிறது ஃபோகுவாங் கோயில். மூன்று பக்கமும் மலை சூழ்ந்து மேற்கு மட்டும் திறந்திருப்பதால் கோயிலும் மேற்கு பார்த்தே அமைந்திருக்கிறது. முற்றங்களைத் தாண்டிப் போனால் கடைசியில் செங்குத்தான படிக்கட்டு. ஏறி முடித்ததும் கிழக்கு மண்டபத்தின் கூரை தலைக்கு மேல் கவிந்து நிற்கும். கி.பி. 857இல், தாங் வம்சக் காலத்தில் எழுப்பிய மர மண்டபம் இது. முகப்பு 34 மீட்டர் நீளம், உட்பக்க ஆழம் 17 மீட்டருக்குச் சற்று அதிகம்.

சீனக் கோயில் என்றதும் சிவப்புத் தூண்கள், வளைந்த கூரை, பச்சையும் நீலமும் பூசிய மரவேலைப்பாடு, முகட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் விலங்குகள் எல்லாம் நம் மனக்கண்ணில் வரும். அத்தனையும் கண்ணுக்கு விருந்தாகச் செய்தவை என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்த அழகில் பெரும்பகுதி ஆயிரம் ஆண்டுகளாக ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. எந்தத் துண்டு எடையைச் சுமக்கிறது, எது மழையைத் தள்ளிவிடுகிறது, எது ஆணியை மூடுகிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் கோயிலின் அழகு ஒரு படி கூடும். அதற்கு ஃபோகுவாங்கை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

தூணுக்கும் கூரைக்கும் இடையில் அண்ணாந்து பாருங்கள். தூணின் உச்சியில் கனமான ஒரு மரக்கட்டை. அதன் தலையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பள்ளத்தில் சுவரை ஒட்டிப் போகும் கை ஒன்று, மற்றதில் சுவரை விட்டு வெளியே நீளும் கை ஒன்று. இரண்டும் பாதிப்பாதி செதுக்கி ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். கையின் முனையில் மறுபடி ஒரு சிறிய கட்டை, அதன்மேல் இன்னும் நீளமான கை. இப்படி அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கும் கீழிருப்பதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி, நான்கு படிகள் ஏறிப் போகிறது. முதல் இரண்டு படிகள் கிடையாக நீட்டிய கைகள். அடுத்த இரண்டும் சாய்ந்து இறங்கும் நீண்ட மரங்கள். அவற்றின் முனைகள் கூர் அலகாகக் கீழ்நோக்கி நிற்கும். கட்டையைச் சீனத் தச்சர்கள் தௌ என்பார்கள், கையை கோங் என்பார்கள். முழு அடுக்குக்கும் பெயர் தௌகோங். நம் கோயில் தூண்களின் தலையில் இருக்கும் போதிகை செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது, ஆனால் மரத்தில், பல படிகளில்.

ஃபோகுவாங்கில் இந்த அடுக்கின் உயரம் தூணின் உயரத்தில் ஏறக்குறையப் பாதி. அந்த அளவு நேரில் பார்க்கும்போதுதான் உறைக்கும். தூண்கள் தடித்து நிற்க, அவற்றின் தலையில் பிரம்மாண்டமான மரக்கைகள் விரிந்து, கூரையின் விளிம்பைச் சுவரிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் தூரத்துக்கு ஏந்திப் பிடித்திருக்கின்றன.

எதற்காக இவ்வளவு தூரம்? மரம் வயதாவதால் சாவதில்லை. அதைக் கொல்வது தீ, பூச்சி, ஈரம். மூன்றிலும் மெதுவானதும் விடாப்பிடியானதும் ஈரம்தான். மரத்தில் தங்கியிருக்கும் நீர், அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை மரத்தைத் தின்னும் பூஞ்சையால் வளர முடியாது. மழை தூணின் அடியை நனைத்துக்கொண்டே இருந்தால் அந்த எல்லை தாண்டிப்போகும். அதனால்தான் தூணை மண்ணில் நடாமல் பீடக்கல்லின் மேல் நிறுத்தினார்கள். இறவாரத்தை வெளியே நீட்டி மழைநீர் சுவருக்கு வெகுதூரத்தில் விழும்படி செய்தார்கள். மண்டபத்தின் சுவர் மண்ணாலும் செங்கல்லாலும் ஆனது. அது கூரையைத் தாங்குவதே இல்லை. காற்றையும் குளிரையும் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. முழு எடையும் தூண்களில்.

சுவரிலிருந்து வெளியே நீட்டிய எந்த மரமும் தன் எடையாலும் மேலே ஏற்றிய எடையாலும் வளையும். நீட்டத்தை இரண்டு மடங்காக்கினால், எடை சீராகப் பரவியிருக்கும்போது, மரத்தை முறிக்கப் பார்க்கும் திருப்பம் 4 மடங்காகும். முனை கீழே தாழும் அளவு 16 மடங்காகும். களிமண் ஓடுகளின் பாரத்தோடு ஒரே மரத்தை 4 மீட்டர் நீட்டினால் சில வருடங்களில் விளிம்பு தொங்கிப்போகும். தௌகோங் அந்த 4 மீட்டரைப் படிகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கையும் சிறிது தூரமே நீள்வதால் எந்தக் கையும் தன் சக்திக்கு மேல் சுமப்பதில்லை. உள்பக்கமும் இதே கைகள் நீண்டு பெரிய உத்தரங்களுக்கு அடியில் போய் முட்டுக்கொடுக்கின்றன. அதனால் உத்தரம் தாண்ட வேண்டிய இடைவெளி குறைகிறது.

சாய்ந்த மரத்துக்கு ஆங் என்று பெயர். அதன் வேலை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஒரு தாங்குமுனை, ஒரு பக்கம் தண்ணீர்ச் சால், மறுபக்கம் அதைச் சமன் செய்யும் எடை. ஆங் மரத்துக்குத் தாங்குமுனை தூணின் தலை. வெளிமுனையில் இறவாரத்தின் பாரம். உள்முனை, அதாவது வால், மண்டபத்துக்குள் மேலேறிப் போய் உள்கூரையைச் சுமக்கும் உத்தரத்தின் கீழ் மாட்டிக்கொண்டிருக்கும். வெளிக்கூரை கீழே அழுத்தும்போது வால் மேலே எழும்பப் பார்க்கிறது; உள்கூரையின் எடை அதை எழும்பவிடாமல் அமுக்குகிறது. இரண்டு பாரங்களும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலகு வைத்த அழகான நுனி மட்டும் தெரியும். நெம்புகோலின் மறுபாதி இருட்டில் இருக்கிறது.

அந்த இருட்டுக்குள் ஏறிப் பார்த்தவர்களின் கதையைச் சொல்லாமல் இந்த மண்டபத்தைப் பற்றிப் பேச முடியாது. 1930களில் சீனாவில் தாங் காலத்து மரக் கட்டடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, பார்க்க வேண்டுமானால் ஜப்பானின் நாராவுக்குத்தான் போகவேண்டும் என்று ஜப்பானிய அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லியாங் ஸுசெங், அவர் மனைவி லின் ஹுயின் இருவரும் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். கட்டடக்கலைப் பிரிவில் அப்போது பெண்களுக்கு இடமில்லை என்பதால் லின் நுண்கலைப் பட்டம்தான் வாங்கினார். அவருக்குச் சேரவேண்டிய கட்டடக்கலைப் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் 2024இல், அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, வழங்கியது. துன்ஹுவாங் குகைகளில் 61ஆம் எண் குகையின் சுவரில் வூதாய் மலையின் பெரிய ஓவியம் உண்டு. அதன் புகைப்படத்தில் ஃபோகுவாங் கோயிலின் பெயரை லியாங் கண்டார். பிரபலமான கோயில்களைப் பக்தர்களின் காணிக்கை திரும்பத் திரும்பப் புதுப்பித்து மாற்றிவிடும். யாரும் அதிகம் போகாத கோயிலில் பழையது பிழைத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1937 ஜூன் கடைசியில், மோ ஸோங்ஜியாங், ஜி யூதாங் ஆகியோருடன் கோவேறு கழுதைகளில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

தௌகோங்கின் அளவைப் பார்த்ததுமே கட்டடம் மிகப் பழையது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஆண்டைச் சொல்லும் சான்று வேண்டும். உள்கூரைக்கு மேலிருந்த இருளில் ஏறினார்கள். அங்கே காலடியில் புதையும் தூசி, ஆயிரக்கணக்கான வௌவால்கள், வௌவால்களின் ரத்தத்தைக் குடித்து வாழும் மூட்டைப்பூச்சிகள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மணிக்கணக்கில் அளவெடுத்தார்கள். முகட்டு மரத்தைச் சாய்வான இரண்டு மரங்கள் மட்டும், நடுவில் குட்டைத்தூண் இல்லாமல், தாங்கி நிற்பதை அங்கேதான் கண்டார்கள். அந்த அமைப்பைப் பழைய ஓவியங்களில்தான் பார்த்திருந்தார்கள். கட்டடத்தில் பார்த்தது அதுவே முதல் முறை.

எழுத்தைக் கண்டுபிடித்தவர் லின். அவருக்குத் தூரப்பார்வை. கீழே நின்றபடியே, உத்தரத்தின் அடிப்பக்கத்தில் மங்கிய மை எழுத்துகள் இருப்பதைக் கவனித்தார். கிராமத்தாரைக் கூட்டிச் சாரம் கட்டி, ஈரத்துணியால் உத்தரங்களைத் துடைத்தார்கள். நனைந்தபோது எழுத்து தெரியும், காய்ந்ததும் மறையும். நாள்கணக்கில் பாடுபட்டுப் படித்ததில், மண்டபத்துக்குக் கொடை கொடுத்தவர் நிங் கோங்யூ என்ற பெண் என்று தெரியவந்தது. வாசலுக்கு எதிரே நிற்கும் கல்தூணிலும் அதே பெயர் இருந்தது. கூடவே ஆண்டும் இருந்தது: தாஜோங் ஆட்சியின் 11ஆம் ஆண்டு, அதாவது 857. அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன், 845இல், பேரரசர் பௌத்த மடங்களை இடித்துத் தள்ளச் சொன்னபோது இங்கிருந்த பழைய கட்டடம் அழிந்தது. அந்த அழிவுக்குப் பிறகு ஒரு பெண்ணின் பணத்தில் எழுந்ததுதான் இந்த மண்டபம். பீடத்தின் ஓரத்தில் புத்தர் சிலைகளைப் பார்த்தபடி அடக்கமாக அமர்ந்திருக்கும் பெண் உருவம் அவருடையதுதான். லின் அதன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் இன்றும் இருக்கிறது. அவர்கள் இன்னும் பயணத்தில் இருந்தபோதே, ஜூலை 7 அன்று, பெய்ஜிங்குக்கு வெளியே ஜப்பானுடன் போர் மூண்டது. செய்தி அவர்களுக்கு வழியில்தான் எட்டியது. பிறகு 1953இல் அதே மலைப்பகுதியில் 782இல் கட்டிய நான்சான் என்ற சிறிய கோயிலும் வெளிச்சத்துக்கு வந்தது. ஃபோகுவாங்கைவிட அது மூத்தது, ஆனால் அளவில் மிகச் சிறியது.

கைகளுக்கான மரத்தின் குறுக்குவெட்டை ஃபோகுவாங்கில் அளந்தால் ஏறக்குறைய 30 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். மூன்றுக்கு இரண்டு. இந்த விகிதத்தின் பின்னால் பெரிய அறிவு இருக்கிறது. 1103இல் வடக்கு சோங் அரசு ‘யிங்ஸாவ் ஃபாஷி’ என்ற கட்டட விதிநூலை அச்சிட்டது. எழுதியவர் லி ஜியே, அரசுக் கட்டடப் பணிகளைக் கவனித்த அதிகாரி. அரசு வேலைகளில் பொருளும் கூலியும் வீணாவதைத் தடுப்பது நூலின் நோக்கம். கோடையில் பகல் நீளம், குளிர்காலத்தில் குறைவு என்பதால் ஒரு நாள் வேலை என்பதன் அளவையே பருவத்துக்கு ஏற்ப மாற்றிக் கணக்கிடும் அளவுக்கு நுணுக்கமான நூல். அதில் மரத்தின் அளவுக்கு எட்டுத் தரங்கள். பெரிய அரண்மனைக்கு முதல் தரம், சின்ன மண்டபத்துக்குக் கடைசித் தரம். முதல் தரத்தில் உயரம் 9 அங்குலம், அகலம் 6. கடைசித் தரத்தில் உயரம் 4.5, அகலம் 3. அளவு மாறினாலும் விகிதம் மாறாது. அந்த உயரத்தை 15 பங்காகப் பிரித்து, கட்டடத்தின் மற்ற எல்லா உறுப்புகளையும் அந்தப் பங்கைக் கொண்டே சொல்கிறது நூல். தரத்தைச் சொன்னால் போதும். நாட்டின் எந்த மூலையிலுள்ள தச்சரும் ஒவ்வொரு துண்டையும் வெட்டிவிடலாம். உத்தரங்களுக்கும் அதே விதிதான்: உயரம் மூன்று பங்கென்றால் தடிமன் இரண்டு பங்கு.

இந்த மூன்றுக்கு இரண்டு எவ்வளவு நல்ல எண் என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். செவ்வக உத்தரம் ஒன்று முறியாமல் தாங்கும் வலு, அதன் அகலத்தையும் உயரத்தின் இருமடியையும் பெருக்கிய அளவைப் பொறுத்தது. ஐரோப்பாவில் இதை 1638இல் கலிலியோ எழுதினார். அகலத்தைவிட உயரத்துக்கு மதிப்பு அதிகம் என்பதால் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் போலத் தோன்றும். ஆனால் மரம் உருண்டை. உருண்டை மரத்துக்குள் உயரமான செவ்வகத்தை வெட்டினால் அகலம் குறுகிவிடும். எங்கோ நடுவில்தான் உச்சம் இருக்கிறது. கால்குலஸ் போட்டால், உயரம் அகலத்தைப்போல 1.41 மடங்காக இருக்கும்போது வலு அதிகபட்சம். வளையாமல் நிற்கும் விறைப்பு அதிகபட்சமாவது 1.73 மடங்கில். லி ஜியேயின் 1.5 இரண்டுக்கும் இடையில் விழுகிறது. அதே மரத்திலிருந்து கிடைக்கக்கூடிய உச்ச வலுவை 100 என்று வைத்தால் அவர் விகிதத்தில் வெட்டிய உத்தரம் 99.8 தரும், விறைப்பில் 98. சதுரமாக வெட்டியிருந்தால் வலு 92, விறைப்பு 77. கால்குலஸ் பிறக்காத காலத்தில் இந்த எண்ணுக்கு அவர்கள் எப்படி வந்திருக்க முடியும்? முறிந்த உத்தரங்களையும் தொங்கிய உத்தரங்களையும் தலைமுறை தலைமுறையாகக் கவனித்த தச்சர்களின் கண்ணிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். லியாங்கும் லின்னும் இந்த நூலின் மேல் வைத்திருந்த மதிப்பு அவர்கள் மகன் பெயரிலேயே இருக்கிறது: லி ஜியேயைப் பின்பற்றுவது என்ற பொருளில் அவனுக்கு ஸோங்ஜியே என்று பெயர் வைத்தார்கள்.

ஆணியே இல்லாமல் கட்டியது என்று இந்தக் கோயில்களைப் பற்றிச் சொல்வதுண்டு. கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். கூரையின் வரிச்சட்டங்களிலும் ஓடுகளிலும் ஆணி உண்டு. தூண், உத்தரம், தௌகோங் மூன்றும்தான் கழுந்தும் துளையுமாகப் பொருந்தி, எடையின் அழுத்தத்தாலேயே நிற்கின்றன. அந்தச் சேர்க்கையின் பலன் தரை அசையும்போது தெரியும்.

தியான்ஜினுக்கு வடக்கே ஜிசியானில் தூலே கோயிலின் குவான்யின் மண்டபம் 984இல் கட்டப்பட்டது. உள்ளே குவான்யின் என்ற போதிசத்துவரின் 16 மீட்டர் உயரச் சிலை. அது எழுந்து நிற்பதற்காக மண்டபத்தின் நடுவை மேலே வரை காலியாக விட்டு, இரண்டு சுற்றாகத் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள். லியாங் 1932இல் முதன்முதலில் ஆராயப் போன கட்டடம் இதுதான். 1679இல் அந்த வட்டாரத்தை 8 அளவுள்ள நிலநடுக்கம் குலுக்கியது. ஊரில் வீடுகள் சரிந்தன, மண்டபம் நின்றது. 1976இல் தாங்ஷான் நகரையே அழித்த நிலநடுக்கத்திலும் கோயிலின் மதில் விழுந்தது, மண்டபம் விழவில்லை.

காரணங்களைக் கீழிருந்து பார்க்கலாம். தூணின் அடி பீடக்கல்லோடு பிணைந்திருக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. தரை வேகமாக நகர்ந்தால் தூண் கல்லின்மேல் சற்றே வழுக்கும், அல்லது ஒரு விளிம்பில் லேசாகத் தூக்கிக்கொண்டு ஆடும். ஆடும்போதெல்லாம் தலைக்கு மேலிருக்கும் கூரை அதை மறுபடி நேராக உட்கார வைக்கும். வெளித்தூண்களை உட்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து நிறுத்த வேண்டும் என்று லி ஜியேயின் நூல் சொல்கிறது: முன்பக்கத்தில் தூணின் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு, பக்கவாட்டில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வினால் எல்லாத் தூண்களும் உள்நோக்கி நெருங்கி, சட்டகம் விரிந்துபோகாமல் இருக்கிறது. அதற்கு மேலே தௌகோங் அடுக்கு. நூற்றுக்கணக்கான மூட்டுகள், ஒவ்வொன்றிலும் மயிரிழை இடைவெளி. கட்டடம் ஆடும்போது கட்டையும் கையும் ஒன்றோடொன்று உரசுகின்றன. நிலத்திலிருந்து ஏறி வந்த ஆற்றல் அந்த உராய்வில் வெப்பமாகக் கரைந்துபோகிறது. இறுக்கிப் பூட்டிய சட்டகமாக இருந்திருந்தால் அந்த ஆற்றல் முழுவதும் ஏதாவது ஒரு மூட்டைப் பிளந்திருக்கும்.

கனமான கூரை நிலநடுக்கத்தில் ஆபத்து என்பது பொறியியலில் பாலபாடம். எடை கூடினால் அதை உலுக்கும் விசையும் கூடும். இங்கே அதே எடைதான் மூட்டுகளை அழுத்திப் பிடித்து உராய்வைத் தருகிறது. ஓடுகளை இறக்கிவிட்டால் தௌகோங் கலகலத்துப்போகும். கெடுதலையும் நன்மையையும் சேர்த்தே பார்த்து, நன்மையின் பக்கம் சாய்ந்த வடிவம் இது. சுவர் சரிந்தாலும் வீடு சரியாது என்று சீனத் தச்சர்கள் சொல்வது வெறும் பெருமைப் பேச்சு இல்லை.

கூரையின் மேலே இருப்பவற்றுக்கும் வேலை உண்டு. முதன்மை முகட்டின் இரு முனைகளிலும் வாயைத் திறந்து முகட்டைக் கவ்வியிருக்கும் விலங்குக்கு ச்சிவென் என்று பெயர்; அது தீயை விழுங்கும் என்பது நம்பிக்கை. கூரையின் சரிவுகள் முகட்டோடு சேரும் அந்த மூலைதான் மழைநீர் முதலில் புகும் இடம். ச்சிவென் அதை மூடி அழுத்திக்கொண்டிருக்கிறது. மூலைவிளிம்பில் இறங்கும் சரிவில் ஓடுகள் வழுக்கிப்போகாமலிருக்க ஆணி அடிப்பார்கள். ஆணியின் தலை வெளியே தெரிந்தால் துரு, ஓட்டை வழியே ஒழுகல். அதன் மேல் கவிழ்த்த மூடிகளே பிறகு விலங்கு உருவங்களாயின. எத்தனை உருவங்கள் என்பது கட்டடத்தின் தகுதியைச் சொல்லும் கணக்காகிவிட்டது. பெய்ஜிங் அரண்மனையின் தாய்ஹே மண்டபத்தில் பத்து. பளபளக்கும் ஓட்டு மெருகும் அப்படித்தான். ஈய ஆக்சைடு கலந்த கண்ணாடிப் பூச்சில் செம்பு சேர்த்தால் பச்சை, இரும்பு சேர்த்தால் மஞ்சள். மெருகில்லாத ஓடு மழையில் நீரை உறிஞ்சி எடை ஏறும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து ஓட்டை வெடிக்க வைக்கும். மெருகு நீரை உள்ளே விடாது. பிற்காலத் தூண்களின் சிவப்புக்கு அடியில் செங்கல்தூள், சுண்ணாம்பு, பன்றி ரத்தம், துங் எண்ணெய் கலந்த பூச்சும் சணல் நாரும் அடுக்கடுக்காக இருக்கின்றன. துங் எண்ணெய் காற்றுப் பட்டதும் இறுகிக் கெட்டித் தோலாகும். வண்ணத்துக்காகப் பூசியதுபோலத் தோன்றும் பூச்சு, மரத்தை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பாற்றும் தோல்.

அலங்காரமும் வேலையும் ஒரே மரத்தில் கலந்து நிற்பதைப் பார்க்க, தெற்கே ஃபூஜியன் மாகாணத்தின் சுவான்ஜோ துறைமுகத்துக்குப் போகலாம். அங்கே கைய்யுவான் கோயில் 686இல் தோன்றியது. இன்றுள்ள பெரிய மண்டபம் மிங் காலத்தது. அதன் உட்கூரையில் உத்தரங்களுக்கு அடியில் இறக்கை விரித்த 24 பெண் உருவங்கள், கைகளில் இசைக்கருவிகளும் காணிக்கைப் பொருள்களும் ஏந்தி, தூணிலிருந்து பறந்து வெளிவருவதாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவை தௌகோங்கின் கைகள். உத்தரம் தாண்டும் இடைவெளியைக் குறைப்பது அவற்றின் வேலை. அதே மண்டபத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்களில் விஷ்ணுவின் கதைகளும் கண்ணன் கதைகளும் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் வாழ்ந்தார்கள். 1281இல் அவர்கள் சிவன் கோயில் ஒன்றில் வைத்த, தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டும் இங்கே கிடைத்திருக்கிறது. இடிந்துபோன அவர்கள் கோயிலின் கற்கள்தான் புத்த மண்டபத்தைப் புதுப்பித்தபோது தூணாகவும் மேடையாகவும் பயன்பட்டன.

மிங், சிங் காலங்களில் தௌகோங் சுருங்கத் தொடங்கியது. தாங் காலத்தில் இரு தூண்களுக்கு இடையே ஓர் அடுக்கு போதுமானதாக இருந்தது. சிங் அரண்மனைகளில் அந்த இடைவெளியில் எட்டு வரை வந்தன. எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றும் சிறியதாகி, தூண் உயரத்தில் ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்காகக் குறைந்தது. செங்கல் சுவர் பரவலாகிவிட்டதால் இறவாரம் அவ்வளவு தூரம் நீள வேண்டிய தேவையும் இல்லை. உத்தரம் நேராகத் தூணின்மேலேயே உட்கார்ந்துகொண்டது. ஆங் மரத்துக்கு நேர்ந்ததுதான் எனக்கு மிக வருத்தமானது. உள்ளே நீண்டு கூரையைச் சமன் செய்த வால் போய்விட்டது. கிடையான கையின் நுனியில் அந்தப் பழைய அலகை மட்டும் செதுக்கி வைத்தார்கள். பெய்ஜிங்கின் அரண்மனைகளில் பச்சை நீல வண்ணத்தில் அடர்ந்து நிற்கும் தௌகோங் வரிசையைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு அது ஃபோகுவாங்கைவிடச் செழிப்பு. வேலையோ மிகக் குறைவு.

செழிப்பைத் தேடிப் போனதில் வந்த கெடுதலுக்கு ஷான்சியிலேயே சான்று நிற்கிறது. யிங்சியான் ஊரில் 1056இல், லியாவ் வம்சக் காலத்தில் கட்டிய எண்கோண மரக்கோபுரம்: 67 மீட்டர் உயரம், வெளியே தெரியும் ஐந்து தளங்கள், அவற்றுக்கிடையே மறைந்திருக்கும் நான்கு தளங்கள், 54 வகைத் தௌகோங். லியாங் இதைத் தேடிப் போகுமுன், அது இன்னும் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள, யிங்சியானின் சிறந்த போட்டோ ஸ்டூடியோ என்று மட்டும் முகவரி எழுதிக் கடிதம் அனுப்பினார். கடிதம் போய்ச் சேர்ந்தது, படமும் வந்தது. படம் எடுத்தவர் கூலியாகக் கேட்டது பெய்ஜிங்கின் கடிதத்தாள்தான். 1933இல் லியாங் கோபுரத்தில் ஏறித் தளம் தளமாக அளந்தார். 1926 உள்நாட்டுப் போரில் 200க்கும் மேற்பட்ட குண்டுகள் தாக்கியும் கோபுரம் நின்றிருந்தது.

அவர் பார்த்தபோது தளங்களின் தூண்களுக்கு இடையே பல இடங்களில் மண்சுவர்கள் இருந்தன. சுவருக்குள் குறுக்குச்சாய்வாக மரமுட்டுகள். தௌகோங் எடையைக் கீழே இறக்கும், ஆட்டத்தைத் தணிக்கும். தூண்கள் பக்கவாட்டில் சாய்ந்துபோகாமல் பிடித்தவை அந்தச் சாய்வு முட்டுகள். பார்வைக்கு அழகில்லாத மண்சுவர்கள். 1930களில் ஊரார் அவற்றை அகற்றிவிட்டு, வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று வேலைப்பாடு மிக்க சாளரக்கதவுகளைப் பொருத்தினார்கள். இன்று இரண்டாம் தளத்தின் தூண்கள் வடகிழக்காகச் சாய்ந்திருக்கின்றன. சாய்வு கூடிக்கொண்டே இருக்கிறது. மரம் நாரின் குறுக்கே அழுத்தத்தைத் தாங்குவதில் பலவீனமானது என்பதால் தௌகோங்கின் அடிக்கட்டைகள் ஒன்பது நூற்றாண்டு எடையில் நசுங்கிப் பிளந்திருப்பதும் சேர்ந்துகொண்டது. முழுவதையும் பிரித்துத் திரும்பக் கோர்ப்பதா, மேல்தளங்களை மட்டும் தூக்கிப் பிடித்துக் கீழே திருத்துவதா, இருக்கிற நிலையிலேயே முட்டுக் கொடுத்து நிறுத்துவதா என்று பல பத்தாண்டுகளாகப் பொறியாளர்கள் விவாதிக்கிறார்கள். பிரிப்பதற்குத் தயங்குவதன் காரணம் எளிது. ஒன்றோடொன்று நசுங்கிப் பொருந்திப்போன ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கழற்றிவிட்டால், மறுபடி அதே இடத்தில் அதே இறுக்கத்தோடு அவை உட்காரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முடிவு வரும் வரை கீழ்த்தளத்துக்கு மேலே பார்வையாளர்களை ஏறவிடுவதில்லை.